வெண்புள்ளிக் கரப்பான்

படத்தில் ஒரு கரப்பான் பூச்சி இருந்தது. அதில் யாருக்கும் தகராறு இல்லை. அதன் முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளியும் இருந்தது. தகராறு அதில்தான்.

“என்னய்யா இது?” என்றார் முதலாளி.

“கரப்பான், முதலாளி” என்றார் சூப்பர்வைசர்.

“அது தெரியுது. அதைக் கொன்னுதானே நாம சோறு திங்கறோம். முதுகுல என்னய்யா?”

சூப்பர்வைசர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரமெல்லாம் கஞ்சியில் விழுந்தாற்போல் குழைந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவின் நடுவில் சுண்ணாம்புத் துளி போல ஒரு புள்ளி.

“லென்ஸ் கோளாறா இருக்கும். அதுவும் லென்ஸ் இல்ல, லென்ஸுக்கு முன்னாடி மாட்டுற பூதக்கண்ணாடி. நீங்க கொடுத்த காசுக்கு அதுதான் வந்துச்சு.”

“ஆமாமா, லென்ஸ் கோளாறுதான்” என்று முதலாளி உடனே ஒப்புக்கொண்டார். அவர் எதையும் உடனே ஒப்புக்கொள்கிறவர் அல்ல. “புள்ளி தெரியாத மாதிரி வேற ஒண்ணு வாங்கிக்க. இதைவிட மலிவா பாரு.”

மலிவான கண்ணாடியில் புள்ளி விழுந்தால் அதைவிட மலிவான கண்ணாடியில் எப்படிப் போகும் என்று கேட்க சூப்பர்வைசருக்கு வாய்வரை வந்தது. வெகுநாளாகக் காலியாகக் கிடக்கும் மேனேஜர் நாற்காலி கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டார்.

அது பூச்சி ஒழிப்பு நிறுவனம். வீடு வீடாக மருந்து அடிப்பார்கள். ஒரு முறை கூப்பிட்டவர்கள் வருடா வருடம் கூப்பிடுவார்கள், அவ்வளவு நம்பிக்கை. இப்போது ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒப்பந்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. “எதைக் கொல்லப் போறீங்கன்னு முதல்ல படத்தோட விளக்குங்க. அப்புறம் கையெழுத்து” என்று வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார்.

“என்கிட்ட கேமரா இருக்கு” என்று அன்று வாயை விட்டவர் சூப்பர்வைசர்தான்.

கேமரா இருந்தது உண்மை. அதில் கல்யாண வீட்டுக் கூட்டத்தை எடுக்கலாம், மலையை எடுக்கலாம். ஒரு சாண் தூரத்தில் கரப்பானை வைத்தால், பழைய கடன்காரனைப் பார்த்தவன் போலக் கண்டும் காணாமல் மங்கலாகிவிடும். சின்னதைப் பெரிதாக்கிக் காட்ட மேக்ரோ லென்ஸ் என்று தனியாக ஒன்று வேண்டும். அதன் விலையைக் கேட்டதும் முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“மருந்து பம்புக்கு வாஷர் மாத்துற செலவுக்கு மேல ஒரு பைசா கிடையாது. அவ்வளவு தெளிவு எதுக்கு? தெளிவாத் தெரிஞ்சா, ‘ப்பூ, பூச்சிதானே’ன்னு போயிடுவான். மங்கலா இருந்தாத்தான்யா பேய்!”

சூப்பர்வைசரின் இன்னொரு கஷ்டம் வெளியில் சொல்ல முடியாதது. அவருக்குக் கரப்பான் என்றால் ஆகாது. மேஜை வேலை என்று சொன்னதை நம்பித்தான் இந்தத் தொழிலுக்கே வந்தார். மருந்து அடிக்கும் ஆட்கள் வாடிக்கையாளர் வீடுகளில் உயிரோடு பிடித்துக் கொண்டுவந்து தரும் கரப்பான்களை அவர் கேமரா வழியாக மட்டும்தான் பார்ப்பார். நேரே பார்த்தால் குமட்டிக்கொண்டு வரும்.

வீட்டில் இந்த விஷயத்துக்கு ஒரு நிபுணர் இருந்தான். மனைவியின் தம்பி. கேமராவைப் பற்றி இணையத்தில் இருக்கும் அத்தனை வீடியோவையும் பார்த்தவன். சொந்தமாகக் கேமரா மட்டும் கிடையாது. நீச்சல் புத்தகம் படித்தவன் கரையில் நின்று கத்துவது போல, அவனுடைய யோசனைகள் எப்போதும் உரக்க வரும்.

“மாமா, இதுக்குப் போய்க் கவலைப்படறீங்களே! உங்க லென்ஸைக் கழட்டித் திருப்பி மாட்டுங்க. முன்பக்கம் பின்னால, பின்பக்கம் முன்னால. ஒரு வளையம் வாங்கினாப் போதும். மேக்ரோ ஆயிடும்.”

“திருப்பி மாட்டினா சின்னதாத் தெரியாதா மாப்பிள்ளை?”

“அதான் மாமா அறிவியல்.”

அறிவியல் பலித்தது. கரப்பானின் மீசையில் இருந்த கணுக்கள்கூடத் தெரிந்தன. ஆனால் லென்ஸை அதன் முகத்துக்கு நேரே, மூச்சுக்காற்று படும் தூரத்தில் நீட்ட வேண்டியிருந்தது. கரப்பான் முதலில் மீசையை ஆட்டிப் பார்த்தது. பிறகு திறந்து கிடந்த லென்ஸின் பின்வாசலைப் பார்த்தது. தனக்காகவே கட்டிய வீடு என்று நினைத்ததோ என்னவோ, உள்ளே குடிபோக ஏறி வந்துவிட்டது.

சூப்பர்வைசர் கேமராவைக் கட்டிலில் எறிந்துவிட்டு மேஜை மேல் ஏறி நின்றார்.

“எத்தனை வருஷமா பூச்சி ஒழிக்கிறீங்க?” என்று மனைவி வாசற்படியில் நின்று கேட்டாள்.

ஓடும் கரப்பானை எடுப்பது முடியாத காரியம் என்று தெரிந்ததும் மச்சினன் அடுத்த யோசனையை இறக்கினான். “குளிர்ல பூச்சி மரத்துப் போயிடும் மாமா. கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுங்க. சொன்ன பேச்சைக் கேட்டு அசையாம உட்காரும்.”

அதுவும் பலித்தது. டிபன் டப்பாவில் குளிர்ந்து கிடந்த கரப்பான், ஸ்டுடியோவில் உட்கார்ந்த புதுமாப்பிள்ளை போல அடக்கமாகப் படத்துக்கு உட்கார்ந்தது. மீசை, கால், முள், எல்லாம் பளிச்சென்று விழுந்தன. கூடவே, முதுகின் நடுவில், வெள்ளைப் புள்ளியும் பளிச்சென்று விழுந்தது.

“லென்ஸுக்கு உள்ளே தூசி” என்றான் மச்சினன்.

சூப்பர்வைசர் துடைத்தார். முதலில் துணியால், பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கும் திரவத்தால், பிறகு ஆத்திரத்தால். புள்ளி போகவில்லை. லென்ஸின் மேல்பூச்சுதான் போனது. வேறு கரப்பானை வைத்துப் பார்த்தார். அதிலும் புள்ளி. வேறு வீட்டிலிருந்து வந்த கரப்பான். அதிலும் அதே இடத்தில் புள்ளி.

“பார்த்தீங்களா, எல்லாக் கரப்பானுக்கும் ஒரே இடத்துலயா புள்ளி இருக்கும்? சந்தேகமே இல்ல, லென்ஸ்தான்” என்று மச்சினன் தீர்ப்புச் சொன்னான்.

அடுத்த நாள் மனைவி, மிச்சம் வைத்த சாப்பாடு என்று நினைத்து அந்த டப்பாவைத் திறந்தாள். மரத்துக் கிடந்தவை சமையலறைச் சூட்டில் உயிர் பெற்று எழுந்தன. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டில்தான் ஏதோ நடந்துவிட்டது என்று வெளியே ஓடி வந்தார். டப்பா ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். கரப்பான்கள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் நிரந்தரக் குடியுரிமை பெற்றன.

“உங்க கம்பெனிக்கே போன் போட்டு ஆள் வரச் சொல்லட்டுமா?” என்றாள் மனைவி, மூச்சு வாங்க. “வருஷ ஒப்பந்தம் போட்டா தள்ளுபடியாமே!”

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இதில் சுண்டைக்காயே இன்னும் வாங்கியபாடில்லை. கண்ணாடி, வளையம், திரவம், புது டிபன் டப்பா என்று சுமைகூலி மட்டும் ஏறிக்கொண்டே போனது. சூப்பர்வைசர் ஒரு முடிவுக்கு வந்தார். மலிவு வேண்டாம். பழையதாக இருந்தாலும் அசல் மேக்ரோ லென்ஸ்.

பழைய கேமராக்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், தானும் விற்பனைக்கு வைத்த பழைய பொருள் போல அசையாமல் உட்கார்ந்திருந்தார். கனமான ஒரு லென்ஸை எடுத்து வைத்தார்.

“புள்ளி விழாதே?”

“என்ன புள்ளி?”

“வெள்ளைப் புள்ளி.”

கடைக்காரர் லென்ஸைக் கேமராவில் மாட்டி, சூப்பர்வைசரின் சட்டைப் பொத்தானை ஒரு படம் எடுத்துக் காட்டினார். பொத்தானின் நாலு துளையும் நாலு கிணறு போலத் தெரிந்தன. நூலின் பிசிறு கயிறு போலத் தெரிந்தது. புள்ளி மட்டும் இல்லவே இல்லை.

சூப்பர்வைசர் ஆனந்தமாக வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் வாசலில் நின்றார்.

“இதைப் பாருங்க!”

கடைக்காரர் படத்தைப் பார்த்தார். கரப்பானைப் பார்த்தார். புள்ளியைப் பார்த்தார். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு மறுபடியும் பொத்தானை எடுத்தார். புள்ளி இல்லை.

“லென்ஸ்ல ஒரு கோளாறும் இல்ல சார். கோளாறு உங்க கரப்பான்லதான்.”

“என்னைப் பார்த்தா கிண்டலா இருக்கா? நான் பூச்சித் தொழில்ல இருக்கிறவன். கரப்பானைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?”

“நான் லென்ஸ் தொழில்ல இருக்கிறவன் சார். லென்ஸைப் பத்தி மட்டும்தான் சொல்றேன்.”

“பொத்தானை எடுத்தா வராதது கரப்பானை எடுத்தா மட்டும் எப்படி வரும்?”

“நானும் அதைத்தான் சார் கேக்கறேன்.”

இருவரும் ஒரே கேள்வியை ஒருவரை ஒருவர் கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் சூப்பர்வைசர், ஊர் முழுக்கச் சொல்லப் போவதாக மிரட்டிவிட்டு இறங்கி வந்தார். மச்சினனிடம் கேட்டதற்கு, பழுப்பு நிறப் பொருளை எடுத்தால் மட்டும் தெரியும் பூஞ்சைக் காளான் ஒன்று லென்ஸுக்குள் வளரும் என்று, சற்றும் யோசிக்காமல் சொன்னான். எந்த வீடியோவில் பார்த்தான் என்று அவனுக்கே நினைவில்லை.

முதலாளி புதுப் படத்தைப் பார்த்ததும் அவர் முகமும் அந்தப் புள்ளி போல வெளிறியது. “ஏன்யா, உன்னை யார் இவ்வளவு தெளிவா எடுக்கச் சொன்னது? பழைய மங்கல் படத்தையே காட்டித் தொலை!”

ஆனால் அதற்குள் சங்கத்தில் கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். மங்கல் படத்தின் காகிதம் எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது; கேமராவில் இருந்த பிரதியும் அது கட்டிலில் விழுந்த அன்றே அழிந்திருந்தது. இருந்தது தெளிவான படம் ஒன்றுதான்.

குடியிருப்பின் கூட்ட அறையில் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். விளக்கை அணைத்ததும் திரை முழுக்கக் கரப்பான் எழுந்து நின்றது. ஒவ்வொரு காலும் உலக்கை கனம். முன்வரிசையில் இருந்த ஒருவர் தன் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். முதுகில் வெள்ளைப் புள்ளி, தட்டு அளவுக்குப் பிரகாசித்தது.

தலைமையாசிரியை கையிலிருந்த பேனாவால் திரையைச் சுட்டினார். “அது என்ன புள்ளி?”

பின்வரிசையில் முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். லென்ஸ் கோளாறு என்று சொன்னால், ‘உருப்படியா ஒரு படம் எடுக்கத் தெரியாதவங்க எப்படிப் பூச்சியை ஒழிப்பீங்க?’ என்று அந்த அம்மா கேட்பார் என்பது சூப்பர்வைசருக்குத் தெரிந்தது. மேனேஜர் நாற்காலி கண்முன்னே உருண்டு விலகிப் போயிற்று. அதைப் பிடித்து நிறுத்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

“அதுதான் மேடம் விஷயமே” என்று ஆரம்பித்தது அவர் வாய். மற்ற உறுப்புகளுக்கு அதில் சம்பந்தமில்லை. “இது சாதாரணக் கரப்பான் இல்ல. வெண்புள்ளிக் கரப்பான். புது இனம்.”

“புது இனமா?”

“கடை மருந்துக்கெல்லாம் சாகாது. எங்க வாடிக்கையாளர்கள் வீட்டுல மட்டும்தான் இதுவரைக்கும் பார்த்திருக்கோம். இங்கயும் வந்துடக் கூடாதேன்னுதான் எங்க கவலை.”

அறையெங்கும் நாற்காலிகள் மேல் கால்கள் ஏறின. ஒரு பெண்மணி தன் வீட்டில் நேற்றே ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். அடுத்தவர் தன் வீட்டில் முந்தாநாளே பார்த்ததாகச் சொன்னார். புள்ளி இருந்ததா என்று கேட்டதற்கு, கூட்டமாக இருந்ததால் கவனிக்கவில்லை என்றார். அன்றே, அங்கேயே, எல்லா வீட்டுக்கும் சேர்த்துக் கையெழுத்தாயிற்று.

வெளியே வந்ததும் முதலாளி சூப்பர்வைசரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணில் நிஜமாகவே நீர்.

“எங்கயோ போயிட்டய்யா! உன்னை மாதிரி ஒருத்தனை வெச்சுக்கிட்டு வெளியில மேனேஜர் தேடினேன் பாரு, என்னைச் சொல்லணும். நாளையிலேர்ந்து அந்த நாற்காலி உன்னோடது.”

மேனேஜர் ஆனவருக்கு ஓட்டை லென்ஸ் அழகா? வாஷிங் மெஷினுக்காக மனைவி சேர்த்து வைத்திருந்ததில் கைவைத்து, வேறு கடையில் இருந்ததிலேயே உசத்தியான புது மேக்ரோ லென்ஸை வாங்கினார். புள்ளியில்லாத ஒரு படமாவது எடுத்து, அந்தப் பழைய கடைக்காரன் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்ற வெறி.

“பூச்சி முதுகு அழுக்கு தெரியணும். நம்ம துணி அழுக்கு போக வேணாம்” என்றாள் மனைவி. வாளியை எடுத்த வேகத்தில் பதில் சொல்லக்கூடாது என்பது தெரிந்தது.

புது லென்ஸின் பெட்டியைப் பிரித்த அன்றுதான் தலைமையாசிரியையின் போன் வந்தது.

“ஒரு நல்ல செய்தி. என் பழைய மாணவி ஒருத்தி பல்கலைக்கழகத்துல பூச்சிகளை ஆராய்ச்சி பண்றா. உங்க வெண்புள்ளிக் கரப்பானைப் பத்திச் சொன்னேன். துள்ளிக் குதிக்கிறா. நாளைக்குக் காலையில நேரா இங்கயே வர்றா. எங்க குடியிருப்புலேர்ந்தே உயிரோட சிலதைப் பிடிச்சு வையுங்க.”

“நாளைக்கேவா மேடம்? அது... கொஞ்சம் கூச்ச சுபாவம் உள்ள இனம்.”

“அடுக்கடுக்கா பார்த்ததா எல்லாரும் சொன்னாங்களே! பத்திரிகைக்காரங்களும் வர்றாங்க. நல்ல சட்டையாப் போட்டுட்டு வாங்க.”

முதலாளிக்குப் போன் போட்டார். செய்தியைக் கேட்டதும் அந்தப் பக்கம் எதுவோ கீழே விழும் சத்தம் கேட்டது. அரைமணியில் தகவல் வந்தது: முதலாளிக்கு நெஞ்சுப் படபடப்பு, டாக்டர் யாரோடும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார், எதுவானாலும் புது மேனேஜரே பார்த்துக்கொள்வார்.

புது மேனேஜர் ஆட்களோடு குடியிருப்புக்கு ஓடினார். கரப்பானுக்குப் பஞ்சமில்லை. ஒரு பெட்டி நிறையப் பிடித்தார்கள். மாடிப்படியின் கீழே வைத்து, புது லென்ஸில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார்.

முதல் கரப்பான்: புள்ளி இல்லை. இரண்டாவது: இல்லை. அடுத்தது, அதற்கடுத்தது, எதிலும் இல்லை. எல்லா முதுகும் எண்ணெய் தேய்த்துத் துடைத்த மாதிரி வழவழவென்று, மாசு மருவில்லாமல் மின்னின.

எத்தனை நாளாகத் தவம் கிடந்த படம்! அழுகை வந்தது. ஆக, கோளாறு பழைய லென்ஸில்தான். நல்ல லென்ஸில் புள்ளி இல்லை. புள்ளி இல்லையென்றால் வெண்புள்ளிக் கரப்பானும் இல்லை. அது இல்லையென்றால் ஒப்பந்தம் இல்லை, நாற்காலி இல்லை, வாஷிங் மெஷினும் இல்லை. நாளைக் காலை அந்த அம்மா, பத்திரிகைக்காரர்கள் எதிரில், பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்வார். சொன்னால் அவர் ஏறி நிற்கவும் செய்வார்.

நேர்மையான மனிதர் என்றுதான் அவர் தன்னைப் பற்றி நினைத்திருந்தார். கூட்டத்தில் சொன்னது பொய் அல்ல, சமாளிப்பு. ஆனால் இப்போது மனதில் உதித்த யோசனை அப்பட்டமான மோசடி. வழியெல்லாம் அதை வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார்; கால்கள் மட்டும் கம்பெனியின் ஸ்டோர் ரூமுக்கு நடந்தன.

ஸ்டோர் ரூம் கட்டடத்தின் பின்புறம் இருந்தது. மருந்து நெடி என்று அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. பொறுப்பாளரான அம்மாளை எல்லோரும் ஸ்டோர் அக்கா என்பார்கள். மருந்து டின்களுக்கு நடுவே மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு ஏதோ வேலையாக இருந்தார்.

“வாங்க சார். மேனேஜர் ஆயிட்டீங்களாமே, சந்தோஷம். என்ன வேணும்?”

“ஒண்ணுமில்லக்கா.” பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “கொஞ்சம் வெள்ளை பெயின்ட் கிடைக்குமா?”

“எதுக்கு சார்?”

“வீட்டுல கதவுல ஒரு கீறல்.”

“எவ்வளவு வேணும்?”

“ஒரு சொட்டு போதும். அதோட பிரஷ்... இருக்கிறதுலயே மெல்லிசா. ஊசி முனை மாதிரி.”

அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து சரசரவென்று சத்தம் வந்தது. புது மேனேஜர் இருமினார். சத்தம் இருமலுக்கு அடங்குவதாக இல்லை. அவர் காது நுனிவரை சூடேறியது.

“அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றார். “இந்த ஒரு தடவைதான். என் வேலை வாழ்க்கையில இப்படி ஒரு ஏமாத்து வேலை செஞ்சதில்ல. முதலாளிக்குத் தெரிஞ்சா அந்த மனுஷனுக்கு நெஞ்சே நின்னுடும்.”

அக்கா எழுந்து வந்து, அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கி, மூடியை லேசாகத் திறந்து பார்த்தார். மேஜை விளக்கைப் பக்கத்தில் இழுத்து, இழுப்பறையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியும், முனையில் வெள்ளை காய்ந்திருந்த ஒரு பிரஷ்ஷும் எடுத்து வைத்தார்.

“இதுக்கா சார் இவ்வளவு கூச்சம்? நாம விட்டது எது, தானா வந்தது எதுன்னு அடையாளம் தெரியறதுக்கு இத்தனை வருஷமா நான்தானே ஒவ்வொண்ணுக்கும் புள்ளி வெச்சு அனுப்பறேன்; சொல்லுங்க, இதுங்களை எந்த வாடிக்கையாளர் வீட்டுல விடணும்?”